கல்லில் என்ன எழுதுவது? கப்பல் விபத்தில் இறந்த நண்பனுக்காக ஒரு கேள்வி

வாழவந்திக்காரன்
ஞாயிறு, காலை 7.10

எல்லோருக்கும் வணக்கம். இந்தக் குழுவில் ஆறு வருடமாக மிளகுக் கொடி, காப்பி விலை, மலைப்பாதை மண்சரிவு என்றுதான் எழுதி வந்திருக்கிறேன். இன்று கேட்பது வேறு விஷயம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன், கடற்படையில் லெப்டினன்ட். 25 வயதில் கப்பலில் நடந்த ஒரு விபத்தில் இறந்துபோனான். வருகிற ஜனவரியோடு பத்து வருடம். அவன் பெயரையும் கப்பல் பெயரையும் பொதுவில் எழுத வேண்டாம் என்று அவன் அம்மா கேட்டுக்கொண்டார். அதனால் இரண்டையும் விட்டுவிடுகிறேன்.

ஐந்தாம் வகுப்புவரை ஒரே பெஞ்சு. அப்புறம் அவன் பரீட்சை எழுதி அமராவதிநகர் சைனிக் பள்ளிக்குப் போனான். பிளஸ் டூ முடித்ததும் கேரளத்தில் எழிமலை கடற்படை அகாடமி. "ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குத்தான்டா போறேன், கடல் எங்கேயும் காணோம்" என்று போனில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு லோனாவாலாவில் ஐ.என்.எஸ். சிவாஜியில் இன்ஜினியரிங் பயிற்சி. பிறகு கப்பல்.

நடந்தது இதுதான். கப்பல் துறைமுகத்தில் நின்றிருந்தது. சண்டை இல்லை, புயல் இல்லை. அடித்தட்டில் பல மாதம் மூடிக்கிடந்த ஓர் இரும்பு அறையைத் திறந்திருக்கிறார்கள். ஒரு மாலுமி ஏணியில் இறங்கினார், இறங்கிய வேகத்தில் சுருண்டு விழுந்தார். மேலே நின்றவன் இவன். மூச்சுக் கருவி எடுத்துவர ஆளை அனுப்பினான். அது வரும்வரை காத்திருக்கவில்லை, இறங்கிவிட்டான். விழுந்தவரை ஏணிக்கு நேர் கீழே இழுத்து வந்து, கக்கத்தில் கயிற்றைக் கட்டிக் கையசைத்திருக்கிறான். மேலே இருந்தவர்கள் அவரைத் தூக்கிவிட்டார்கள். கருவி மாட்டிய ஆள் அடுத்து இறங்கியபோது இவன் ஏணியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அந்த மாலுமி பிழைத்துக்கொண்டார். இவன் பிழைக்கவில்லை.

உடல் கோவைவரை விமானத்தில் வந்தது. அங்கிருந்து சாலையில் சேலம், அடிவாரம், அப்புறம் ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவு. பனி இறங்கி எதிரே ஒன்றும் தெரியவில்லை. வண்டி ஊர்ந்துதான் ஏறியது, நான் முன்னால் பைக்கில் போனேன். லீவில் வரும்போதெல்லாம் வளைவுப் பலகைகளை எண்ணிக்கொண்டே வருவான், இருபது வந்ததும் அம்மாவுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பான். அன்று இருபதாவது வளைவில் நான் வண்டியை ஓரம் கட்டிவிட்டேன். கொஞ்ச நேரம் ஓட்ட முடியவில்லை.

ஊரில் பையன்கள் நல்ல மனதோடு ஒரு பிளெக்ஸ் வைத்திருந்தார்கள். "எல்லையில் வீரமரணம் எய்திய" என்று அதில் இருந்தது. அவன் எந்த எல்லையிலும் நிற்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "எந்தச் சண்டையில?" விபத்து என்று சொன்னதும், சிலர் முகத்தில் ஏதோ இறங்கிப்போனதை நான் பார்த்தேன். அதை அம்மாவும் பார்த்தார்.

இப்போது, பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, அவர்கள் தோட்டத்து வேலியை உள்ளே தள்ளிக் கட்டி, ஒரு கல் பெஞ்சு போடப்போகிறோம். பள்ளிக்கூட பஸ்ஸுக்கு அவன் நின்ற இடம் அது. பெஞ்சின் முதுகுக் கல்லில் இரண்டு வரி வெட்ட வேண்டும். பெரியப்பா "வீரமரணம்" என்று வெட்டச் சொல்கிறார். அம்மா வேண்டாம் என்கிறார். "காலமானார்" என்றால் படுக்கையில் போனது போல இருக்கிறது. "விபத்தில் மறைந்தார்" என்றால் ரோட்டில் அடிபட்டது போல இருக்கிறது. என்ன எழுதுவது? யோசித்துச் சொல்லுங்கள்.


சூரமங்கலம் ரயிலடி
ஞாயிறு, காலை 9.32

தம்பி, படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். அது வீரமரணம்தான். அடுத்தவனைக் காப்பாற்ற இறங்கியவனுக்கு வேறு என்ன பெயர்? பெரியப்பா சொல்வதையே வெட்டுங்கள்.


செவ்வாய்ப்பேட்டை
ஞாயிறு, பகல் 1.15

என் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருந்தார். மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்து இறந்தார். பதினான்கு வருடம் ஆகிறது. நீங்கள் சொன்ன அந்த "முகத்தில் இறங்கிப்போவது" எனக்கு நன்றாகத் தெரியும் தம்பி. கொலுசுப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஒரு அம்மா கேட்டார், "சுட்டுட்டாங்களா?" இல்லை, வண்டி கவிழ்ந்தது என்றேன். "ஓ, அப்படியா" என்றார். அந்த "ஓ" இன்னும் உறுத்துகிறது.

காகிதத்திலும் இந்த வித்தியாசம் உண்டு. போரில் என்றால் ஒரு வகை, பணியின்போது விபத்து என்றால் இன்னொரு வகை. எனக்குக் கிடைப்பது சிறப்புக் குடும்ப ஓய்வூதியம், கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 60 சதவீதம். போரில் இறந்திருந்தால் அது தாராளமயக் குடும்ப ஓய்வூதியம், முழுச் சம்பளம். பணத்துக்காகச் சொல்லவில்லை. சண்டையில் நிற்பவருக்குக் கூடுதலாகக் கொடுப்பது சரிதான், அதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. ஆனால் அந்த வித்தியாசத்தை ஊர்ச் சனமும் சேர்ந்து தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்தால் என்ன செய்வது?

அம்மா ஏன் வீரமரணம் வேண்டாம் என்கிறார்? அதை அவரிடம் கேட்டீர்களா?


ஓமலூர் மாலுமி
ஞாயிறு, இரவு 8.40

நான் கடற்படையில் 15 வருடம் என்ஜின் ரூமில் வேலை பார்த்தவன். பெட்டி ஆபீசராக ஓய்வு பெற்றேன். இந்த இழையைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது. அப்படிப்பட்ட அறைகளில் நானும் இறங்கியிருக்கிறேன்.

வெளியில் இருப்பவர்களுக்குப் போர்க்கப்பல் என்றால் பீரங்கி, ஏவுகணைதான் தெரியும். உள்ளே அது ஒரு தொழிற்சாலை. கொதிநீராவி, எண்ணெய், உயர் அழுத்தக் காற்று, மின்சாரம், வெடிபொருள் எல்லாம் ஒரே இரும்புப் பெட்டிக்குள். அமைதிக் காலத்திலும் அது அமைதியாக இருக்காது. 2008 பிப்ரவரியில் ஐ.என்.எஸ். ஜலாஷ்வாவில் விஷவாயு கசிந்து கடற்படையினர் சிலர் இறந்தார்கள். 2013 ஆகஸ்ட் 14, மும்பையில் சிந்துரக்ஷக் நீர்மூழ்கி வெடித்து 18 பேர். ஆறு மாதம் கழித்து சிந்துரத்னா நீர்மூழ்கியில் புகை, இரண்டு இளம் அதிகாரிகள் போனார்கள். அன்றே கடற்படைத் தளபதி அட்மிரல் டி.கே. ஜோஷி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அடுத்த மாதமே மும்பை கட்டுமானத் தளத்தில் இருந்த கொல்கத்தா கப்பலில் வாயு கசிந்து ஒரு கமாண்டர். 2019 ஏப்ரலில் கார்வார் துறைமுகத்துக்குள் நுழையும்போது விமானந்தாங்கிக் கப்பல் விக்கிரமாதித்யாவில் தீ. அணைக்கும் குழுவை நடத்திப்போன லெப்டினன்ட் கமாண்டர் இறந்தார். 2022 ஜனவரியில் ரன்வீர் கப்பலில் மூன்று பேர். இதில் எதுவும் சண்டையில்லை.

உங்கள் நண்பர் விஷயம் எங்களுக்குப் பயிற்சியின் முதல் வாரத்திலேயே சொல்லித்தருவது. மூடிக்கிடந்த இரும்பு அறையில் துரு பிடிக்கும். துரு பிடிக்க ஆக்சிஜன் வேண்டும். பல மாதம் மூடிவைத்தால் உள்ளே இருக்கிற ஆக்சிஜனை இரும்பே தின்றுவிடும். வாசனை கிடையாது, நிறம் கிடையாது. அதனால்தான் திறந்ததும் காற்று ஊதி, கருவி வைத்து அளந்து, எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே ஆள் இறங்க வேண்டும். விழுந்தவரை எடுக்க இறங்குபவரும் மூச்சுக் கருவி இல்லாமல் இறங்கவே கூடாது.

ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்காதீர்கள். இவ்வளவும் ஓர் இன்ஜினியரிங் அதிகாரிக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்துதான் இறங்கியிருக்கிறார்.


வாழவந்திக்காரன்
திங்கள், காலை 6.05

மாலுமி அண்ணா, தவறாக நினைக்கவில்லை. இதை நேராகச் சொன்ன முதல் ஆள் நீங்கள்தான். விசாரணை முடிந்து வீட்டுக்கு வந்த கடிதத்திலும் அதுதான் இருந்தது. அளக்காமல் திறந்தது தவறு என்றும், மீட்க இறங்கியது விதிக்கு மாறானது என்றும். அப்பா அந்தக் கடிதத்தை மடித்து பீரோவில் வைத்தவர் அப்புறம் எடுக்கவே இல்லை. அவர் மூன்று வருடம் கழித்துப் போய்விட்டார்.

அக்கா கேட்டதற்குப் பதில். நேற்று இரவு அம்மாவிடம் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வீரமரணம்னு எழுதினா படிக்கிறவன் துப்பாக்கின்னு நினைச்சுக்குவான். அப்ப என் பையன் செஞ்சது யாருக்கும் தெரியாமலே போயிடும்ல."

அப்புறம் அவர் இன்னொன்றும் கேட்டார். ஒவ்வொரு வருடமும் திதி அன்று என்னிடம் கேட்பதுதான். "மூச்சு முட்டித் துடிச்சிருப்பானாப்பா?" நான் ஒவ்வொரு வருடமும் இல்லை அம்மா என்பேன். எனக்குத் தெரியாமலேதான் சொல்வேன். அவருக்கும் அது தெரியும்.


ஆத்தூர் ஆலை
திங்கள், காலை 11.20

நான் ஜவ்வரிசி ஆலையில் மேற்பார்வையாளன். கப்பல் தெரியாது, ஆனால் இந்தச் சாவு தெரியும். நம் பக்கத்தில் எத்தனை கிணற்றில், எத்தனை கழிவுநீர்த் தொட்டியில் இதே கதை. ஒருவர் இறங்கி விழுவார். தம்பி இறங்குவான், விழுவான். அப்புறம் பக்கத்துக் காட்டுக்காரர். என் கண்ணெதிரே ஒரு முறை, மூன்றாவதாக இறங்கப்போனவரை நானும் இன்னொருவரும் தரையில் போட்டு அமுக்கி உட்கார்ந்தோம். உள்ளே கிடந்தது அவர் அண்ணன். எங்களைக் கடித்தார், அடித்தார். விடவில்லை.

அமெரிக்காவில் இதை ஆராய்ந்து 1986லேயே சொல்லியிருக்கிறார்கள், இப்படிப்பட்ட மூடிய இடங்களில் இறப்பவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று. எங்கள் ஆட்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கும்போதெல்லாம் இதைத்தான் முதலில் சொல்வேன்.

பழைய கிணற்றுக்காரர்கள் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் இறக்கிப் பார்ப்பார்கள். அணைந்தால் இறங்க மாட்டார்கள். எரிகிற வாயு இருந்தால் அதுவே ஆபத்து, அதனால் இப்போது அப்படிச் செய்யாதீர்கள். வாயு அளக்கும் கருவி வாங்குங்கள், வாடகைக்காவது எடுங்கள். உங்கள் நண்பரின் இழையில் இதைச் சொல்வது பொருத்தமா தெரியவில்லை, ஆனால் படிப்பவரில் ஒருவராவது தொட்டி வைத்திருப்பார்.


அஸ்தம்பட்டி மயக்கவியல்
திங்கள், இரவு 10.50

நான் மயக்க மருந்து மருத்துவர். இருபது வருடமாக மனிதர்களின் மூச்சைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை. அம்மாவின் கேள்விக்கு நான் பதில் சொல்லலாமா? ஆறுதலுக்காக ஒரு வார்த்தையும் கூட்டிச் சொல்ல மாட்டேன்.

நமக்கு மூச்சு முட்டுகிற அந்த உணர்வு, ஆக்சிஜன் குறைவதால் வருவது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. இரத்தத்தில் கரியமில வாயு சேர்வதால்தான் அது வருகிறது. தண்ணீரில் மூழ்கும்போது, வாயை மூடும்போது, உடம்பில் உண்டாகிற கரியமில வாயு வெளியேற வழியில்லாமல் ஏறுகிறது. மூளை உடனே கத்துகிறது. அதுதான் அந்தத் துடிப்பு.

துரு தின்ற காற்றில் நடப்பது வேறு. அங்கே காற்று இருக்கிறது, தாராளமாக மூச்சு உள்ளே போகிறது, வெளியே வருகிறது. கரியமில வாயு ஒவ்வொரு மூச்சிலும் வெளியேறிவிடுகிறது. அதனால் எதுவும் குறைகிறது என்ற எச்சரிக்கையே வருவதில்லை. சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம். பத்துக்குக் கீழே போனால் நினைவு தப்பும். ஆறுக்கும் கீழே என்றால் ஓரிரு மூச்சு, அவ்வளவுதான். விமானிகளை இதற்கென்றே காற்றழுத்தம் குறைத்த அறையில் உட்காரவைத்துப் பழக்குவார்கள். எளிய கணக்கைத் தப்பாகப் போட்டுக்கொண்டே, தான் நன்றாக இருப்பதாகச் சொல்வார்கள். சிலர் சிரித்துக்கொண்டுகூட இருப்பார்கள்.

உங்கள் நண்பர் இறங்கும்போது மூச்சை அடக்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு ஆளை இழுத்து வந்து முடிச்சுப் போட்டிருக்க முடியாது. அந்த அரை நிமிடமோ ஒரு நிமிடமோ அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்கும். நாம் குளத்தில் முங்கி அடியில் கல் எடுக்கும்போது இருக்கும் கஷ்டம். அதை நான் மறைக்க மாட்டேன். கயிறு மேலே போன பிறகு மூச்சு விட்டிருப்பார், இழுத்திருப்பார். அந்த மூச்சு அவருக்கு நல்ல மூச்சாகவே தெரிந்திருக்கும். முட்டல் தணிந்த மாதிரி இருந்திருக்கும். அடுத்த சில விநாடியில் நினைவு போயிருக்கும். அவர் ஏணியில் சாய்ந்து உட்கார்ந்த நிலையில் இருந்தார் என்றீர்களே, அதுவும் இதோடு பொருந்துகிறது. துடித்தவர் அப்படி உட்கார்ந்திருக்க மாட்டார்.

கடைசியாக அவர் பார்த்தது அந்த மாலுமி மேலே போவதைத்தான்.


வாழவந்திக்காரன்
செவ்வாய், இரவு 9.15

டாக்டர் ஐயா, உங்கள் பதிவை இன்று சாயங்காலம் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். காப்பிப் பழம் பறிக்கிற நாள், களத்தில் ஆட்கள் இருந்தார்கள். எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்து, அடுப்படியில் உட்காரவைத்துப் படித்தேன். குளத்தில் முங்கிக் கல் எடுப்பது என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். "அது அவனுக்கு நல்லாத் தெரியும். ஏரியில பசங்களோட முங்கி அடிவாங்கியிருக்கான்" என்றார். அப்புறம் மறுபடியும் முதலிலிருந்து படிக்கச் சொன்னார். மூன்று முறை படித்தேன்.

வேறெதுவும் இன்று எழுத முடியவில்லை.


மேட்டூர் வாசகன்
புதன், காலை 8.00

இந்த இழையில் மனம் நோகும்படி எதுவும் எழுதக் கூடாது என்று இரண்டு நாள் பொறுத்திருந்தேன். ஆனால் ஆத்தூர் நண்பர் எழுதியதைப் படித்ததும் கேட்கத் தோன்றுகிறது.

மலக்குழியில் இறங்கி இறப்பவர்களும் இதே மூச்சில்தான் இறக்கிறார்கள். தடைச் சட்டம் 2013லேயே வந்துவிட்டது. இறந்தால் பத்து லட்சம் கொடு என்று உச்ச நீதிமன்றம் 2014ல் சொன்னது, 2023ல் அதை முப்பது லட்சமாக்கியது. அவர்களில் எத்தனை பேர் கூட இருந்தவனைத் தூக்க இறங்கியவர்கள்? அவர்களுக்குக் கல் யார் வைத்தார்கள்? சீருடை போட்டிருந்தால் வீரமரணம், போடாவிட்டால் செய்தித்தாளில் ஐந்து வரி. அதனால் அந்த அம்மா "வீரமரணம்" வேண்டாம் என்பது எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது. செய்ததை எழுதுங்கள். அதைப் படிக்கிற எவருக்கும், சீருடை இல்லாமல் அதையே செய்தவனும் நினைவுக்கு வரட்டும்.


சூரமங்கலம் ரயிலடி
புதன், காலை 10.25

நான் முதலில் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அம்மாவின் காரணத்தைப் படித்த பிறகு எனக்கு வேறு தோன்றவில்லை.


கல்லும் எழுத்தும்
புதன், இரவு 11.30

நான் வரலாற்று ஆசிரியர், நடுகல் தேடி அலைகிறவன். தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். சொல்வதற்கு நிறைய இருக்கிறது.

நம் மலையடியிலிருந்து தருமபுரி, செங்கம்வரை நடுகற்கள் அடர்ந்த நாடு. தருமபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கும், ஒரு நாள் போய்ப் பாருங்கள். இவை எல்லாம் மன்னர்களின் பெரிய போரில் இறந்தவர்களுக்கு என்று நினைக்கிறோம். பெரும்பாலானவை அப்படி இல்லை. மாடு கவர வந்தவர்களிடமிருந்து மாட்டை மீட்டு இறந்தவன், புலியோடு போராடி இறந்தவன், இவர்களுக்குத்தான் கல். செங்கம் பக்கத்து எடுத்தனூரில் ஒரு கல் இருக்கிறது, பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தது. அதில் வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாய் நிற்கும். கோவிவன் என்று அதற்குப் பெயர்கூட வெட்டியிருக்கிறார்கள். கள்வரைக் கடித்துக் காத்து நின்ற நாய். ஆயிரத்து நானூறு வருடம் ஆகியும் அந்த நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தக் கல்வெட்டுகளில் வீரமரணம் என்ற சொல்லே இருக்காது. என்ன இருக்கும் தெரியுமா? "தொறு மீட்டுப் பட்டான்." தொறு என்றால் மாட்டு மந்தை. பட்டான் என்றால் இறந்தான். எந்த அரசன் ஆட்சி, யாருடைய ஆள், என்ன செய்தான், பட்டான். முடிந்தது. புகழ்ச்சி ஒரு சொல் கிடையாது. செய்ததைச் சொன்னால் போதும் என்று நினைத்திருக்கிறார்கள். உங்கள் நண்பரின் அம்மா சொல்வதும் அதுதான். அவருக்கு யாரும் கல்வெட்டு சொல்லித்தரவில்லை.

எனவே என் யோசனை: பெயர், பிறந்த வருடம், இறந்த வருடம், அதன் கீழே "கப்பலில் மாலுமியை மீட்டுப் பட்டான்."

இன்னொன்று. எழிமலை என்று சொன்னீர்கள். சங்கப் பாட்டில் வரும் நன்னன் என்ற மன்னனின் ஏழில் குன்றம் அதுதான். இன்னொரு மலைக்குப் போகிறேன் என்று அவர் விளையாட்டாகச் சொன்னது, அவருக்குத் தெரியாமலே ஒரு பழம்பாட்டு மலையைத்தான்.


செவ்வாய்ப்பேட்டை
வியாழன், காலை 7.45

ஆசிரியர் ஐயா சொன்னது மனதைத் தொட்டது. ஒரே ஒரு சந்தேகம். பட்டான் என்று "ன்" போட்டு வெட்டலாமா? அதிகாரியாக இருந்தவர். ராணுவத்தில் எங்களுக்கு வரும் கடிதங்களில் எல்லாம் மரியாதையோடுதான் இருக்கும். பெரியப்பா ஒத்துக்கொள்வாரா?


கல்லும் எழுத்தும்
வியாழன், காலை 9.10

அக்கா, பழைய கற்களில் பெரும்பாலும் "ன்"தான். மரியாதைக் குறைவாக அதை யாரும் நினைக்கவில்லை. ஆனால் இது வீட்டார் முடிவு, நான் வற்புறுத்த மாட்டேன்.


ஓமலூர் மாலுமி
வியாழன், இரவு 9.00

டாக்டர் எழுதியதை நாலு முறை படித்தேன். அன்று நான் கேட்டது என் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கப்பலில் ஒவ்வொரு இளம் அதிகாரிக்கும் கீழே ஒரு டிவிஷன் மாலுமிகள் இருப்பார்கள். அவர்களின் லீவு, வீட்டுப் பிரச்சினை, பிள்ளை பரீட்சை, அம்மாவின் ஆபரேஷன் எல்லாம் அந்த அதிகாரியிடம்தான் போகும். என் அப்பாவுக்கு ஓமலூரில் மாரடைப்பு வந்த இரவு, எனக்கு லீவு எழுதி, ரயிலுக்குப் பணம் கொடுத்து அனுப்பிய அதிகாரிக்கு வயது 24. எனக்கு 33. அவரை நான் சார் என்றுதான் கூப்பிட்டேன், ஆனால் தம்பி வயது. அந்த வயதுப் பையனிடம் அத்தனை குடும்பத்தையும் ஒப்படைத்துவிட்டு, அவர்களில் ஒருவன் கண்ணெதிரே விழும்போது கருவி வரும்வரை நில் என்று விதி சொல்கிறது. விதி சரி. நான் பயிற்சி கொடுத்தாலும் அதைத்தான் சொல்வேன், கத்திச் சொல்வேன். ஆனால் அவர் இறங்கியதைத் தவறு என்று என் வாயால் சொல்ல வராது.

பிழைத்த அந்த மாலுமி என்ன ஆனார்? சொல்லலாம் என்றால் சொல்லுங்கள்.


வாழவந்திக்காரன்
சனி, இரவு 8.20

எல்லோருக்கும் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

மாலுமி அண்ணா, அவர் ஒடிசாக்காரர். இன்னும் பணியில் இருக்கிறார். ஒவ்வொரு பொங்கலுக்கும் அம்மாவுக்குப் போன் வரும். முதல் வருடம் இரண்டு பேருக்கும் பாஷை தெரியாது. அவர் "அம்மா" என்பார், அம்மா "சாப்டியாப்பா" என்பார், அவர் அழுவார், வைத்துவிடுவார். இப்போது "சாப்டேன் அம்மா, நீங்க சாப்டீங்களா" என்று கேட்கிற அளவு பழகிவிட்டார். இரண்டு வருடம் முன்னால் பெண் குழந்தை பிறந்தது, படம் அனுப்பினார். அம்மா அதை பிரேம் போட்டு மாட்டியிருக்கிறார்.

ஆசிரியர் ஐயா, "மீட்டுப் பட்டான்" எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இதுதான் என்று முடிவே செய்துவிட்டேன். அம்மாவிடம் பட்டான் என்றால் பழைய தமிழில் இறந்தான் என்று விளக்கினேன். உடனே, "மரம் பட்டுப்போச்சுன்னு சொல்றோமே, அதுதானே?" என்றார். ஆமாம் என்றேன். அவர் தோட்டத்துப் பக்கம் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. தண்டுத்துளைப்பான் விழுந்து பட்டுப்போன காப்பிச் செடிகளை இந்த வருடம்தான் பிடுங்கி எரித்தோம். "அது செடிக்குச் சொல்றது. என் பிள்ளைக்கு வேண்டாம். அவன் செத்தது எதுக்கு எழுதணும்? வருஷம் போட்டாலே தெரியுமே. என்ன செஞ்சான்னு மட்டும் எழுதுங்க" என்றார்.

என்ன எழுதட்டும் என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "கூட வேலை செஞ்சவனைத் தூக்கிவிட்டான்."

ஐயா, நீங்கள் வருத்தப்பட மாட்டீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் சொன்ன வழியில்தான் அவர் இந்த இடத்துக்கு வந்தார்.


கல்லும் எழுத்தும்
சனி, இரவு 8.55

வருத்தமா? அதைவிட நல்ல வரியை நான் எந்தக் கல்லிலும் படித்ததில்லை. ஓர் எழுத்தும் மாற்றாதீர்கள். "செஞ்சவனை" என்றே இருக்கட்டுமா, "செய்தவனை" என்று மாற்றலாமா என்று கல்தச்சர் கேட்பார். அம்மாவிடமே விட்டுவிடுங்கள்.


செவ்வாய்ப்பேட்டை
ஞாயிறு, காலை 6.30

நான் அந்த நாள் வரலாமா? மலைக்கு வந்து எத்தனையோ வருடம் ஆகிறது. என் வீட்டுக்காரர் பெயரையும் ஏதாவது எழுத்தில் பார்க்க வேண்டும் என்று எனக்கு இப்போதுதான் தோன்றுகிறது. அவர் என்ன செய்தார் என்று உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். வண்டியில் பின்னால் இருந்த இரண்டு பையன்களுக்கு முன் இருக்கையைக் கொடுத்துவிட்டு அவர் பின்னால் ஏறினார் என்று அவர் நண்பர் ஒரு முறை சொன்னார். அதுவரைக்கும் தெரியும்.


வாழவந்திக்காரன்
ஞாயிறு, காலை 7.00

கட்டாயம் வாருங்கள் அக்கா. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "அவங்களுக்கு ராத்திரி தங்க இடம் இருக்குன்னு சொல்லு" என்றார்.


வாழவந்திக்காரன்
இரண்டு வாரம் கழித்து, வெள்ளி, இரவு 9.40

கல் வேலை முடிந்தது. கொத்தனார் கேட்டதற்கு அம்மா "செய்தவனை" என்றே போடச் சொன்னார். பள்ளிப் பிள்ளைகள் படிப்பார்கள், தப்பாகக் கற்றுக்கொள்ளக் கூடாதாம். "ன்" மட்டும் அப்படியே இருக்கட்டும் என்றார். பெரியப்பா இரண்டு நாள் பேசவில்லை. நேற்று வந்து கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, மேலே சின்னதாக ஒரு நங்கூரம் வெட்டலாமா என்று கேட்டார். வெட்டியாகிவிட்டது.

ஒடிசா தம்பி லீவு எழுதிவிட்டார். விசாகப்பட்டினத்திலிருந்து ரயிலில் சேலம் வருகிறார், மனைவியும் குழந்தையும் கூட வருகிறார்கள். மாலுமி அண்ணன் ஜங்ஷனில் போய் அழைத்துவருவதாகச் சொல்லியிருக்கிறார், இந்தி தெரிந்த ஆள் அவர்தான். டாக்டர் ஐயாவும் வருகிறார். ஆசிரியர் ஐயா பள்ளிக்கூடம் விட்டு மதியம் வருவார்.

மேடை, மைக் எதுவும் கிடையாது. காலை பள்ளி பஸ் வரும் நேரத்துக்கு முன்னால் எல்லோரும் வந்தால் போதும். மலையில் இந்த மாதம் குளிர் அதிகம், ஸ்வெட்டர் எடுத்துவாருங்கள்.

பெஞ்சு ஓர் அடி உயரம்தான். பெரியவர்களுக்குத் தாழ்வாக இருக்கும் என்று கொத்தனார் சொன்னார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை உட்கார்ந்தால் கால் தரையில் படணும், அதுக்கு மேல ஏத்தாதீங்க என்று அம்மா சொல்லிவிட்டார்.